பௌதியின் நடையில் ஒரு காம்போதி

தெற்குக் கல்கத்தாவில் மிருதங்கம் வாசிக்கிற தமிழர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். கச்சேரிக்கு முன்னால் அவர்களிடம், "இந்தப் பாட்டு என்ன காலத்துல வரப்போறது?" என்று கேட்டுப் பாருங்கள். சில பாட்டுகளுக்கு, "நாகு மாமி காலம்" என்று பதில் வரும். சௌக்கம் என்று அதைச் சொல்ல முடியாது, அவ்வளவு மெதுவில்லை. மத்திமம் என்றும் சொல்ல முடியாது. அவ்வளவு ஓட்டமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு வேகம். எந்தச் சங்கீதப் புத்தகத்திலும் அது கிடையாது.

அந்த நாகு மாமிக்கு வயது இன்னும் நாற்பது ஆகவில்லை. முழுப்பெயர் நாகலக்ஷ்மி. வங்கி அதிகாரி மஹாதேவனின் மனைவி. லேக் கார்டன்ஸில் இரண்டாவது மாடியில் குடியிருப்பு. பட்டம், பொன்னாடை, பத்திரிகையில் படம் எதுவும் கிடையாது. வருஷத்தில் ஐந்தாறு கச்சேரி, எப்போதாவது ரேடியோவில் அரைமணி. மற்ற நாளெல்லாம் லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்காரனோடு வங்காளியில் வாதாடுகிற சாதாரண மனுஷிதான். ஆனால் ஒரு வேகத்துக்குத் தன் பேரை வைத்துவிட்டாளே, அது லேசில் கிடைக்கிற காரியமா? அதுவும் தேனுக்குடியில் பிறந்துவிட்டு!

தேனுக்குடிக் குடும்பத்தைத் தெரியாத ரசிகர்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இல்லை. அப்பா தேனுக்குடி பஞ்சாபகேசய்யர். அவருக்கப்புறம் அவருடைய பிள்ளைகள் வைத்தியநாதனும் சுந்தரேசனும், தேனுக்குடி சகோதரர்கள் என்று தென்னாடு முழுக்கப் பேர் வாங்கினார்கள். அந்தக் குடும்பத்துச் சொத்தே வேகந்தான். மற்றவர்கள் ஒரு ஆவர்த்தனத்தில் பாடுகிறதை அவர்கள் அரை ஆவர்த்தனத்தில் பாடிவிட்டு மீதி அரைக்கு ஸ்வரம் போடுவார்கள். தேனுக்குடிக் கச்சேரிக்குப் போனால் கடைசி பஸ் தவறாது என்று ஊரில் கேலி செய்வார்கள். கேலி செய்தவர்களும் முன்வரிசையில் இடம் பிடிக்க அடித்துக்கொண்டு போனார்கள் என்பது வேறு விஷயம்.

சகோதரர்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. பெரியவர் ராகம் பாடுவார். பாடி முடித்ததும் மோவாயைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் குடிப்பார். அந்த நேரத்தில் சின்னவர் பாட்டை எடுப்பார். இருபது வருஷமாக இதில் ஒரு நாளும் மாற்றம் இருந்ததில்லை.

பஞ்சாபகேசய்யர் வீட்டில் இன்னொரு சட்டமும் இருந்தது. "வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு வேணும்னாலும் யோசி. திறந்துட்டா, அந்தக் காலந்தான் கடைசி வரைக்கும். கூடப் பாடறவனுக்கும் அதுதான்" என்பார். நடுவில் யாராவது ஓடினாலும் சரி, இழுத்தாலும் சரி, அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். மறுநாள் காலையில் அவர்களுக்குக் காப்பி கிடையாது, அவ்வளவுதான். காப்பி இல்லாத காலை எப்படிப்பட்டது என்று தஞ்சாவூர்க்காரர்களைக் கேட்டால் தெரியும். அந்த வீட்டுக் குழந்தைகளுக்குத் தாளம் ஆட்டம் கண்டதே இல்லை.

நாகுவுக்கும் தாளம் ஆடாது. மூச்சுதான் போதாது. அண்ணாக்கள் பிருகாவை மத்தாப்புப் போலக் கொட்டும்போது இவள் பாதி வழியில் மூச்சுக்குத் தவித்து, நாலு ஸ்வரத்தை விழுங்கிவிட்டு ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்வாள். பதின்மூன்று வயதில் ஒரு கல்யாணக் கச்சேரியில் இப்படி விழுங்கினது ஊருக்கே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே பெரிய அண்ணாவிடம், "மூச்சு முட்டறது அண்ணா" என்றாள்.

அவளைவிடப் பன்னிரண்டு வயது பெரியவரான வைத்தியநாதனுக்கு அப்போது சங்கீதம் தவிர வேறொன்றும் தெரியாது. "நம்மாத்துல யாருக்கும் மூச்சு முட்டாது. நீ மனசு வச்சுப் பாடலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு வரி அவள் தொண்டையிலேயே தங்கிவிட்டது. அறுபத்தெட்டில் கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளைக்கு உத்தியோகம் கல்கத்தாவில் என்றதும் அம்மா அவ்வளவு தூரமா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாகுவுக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. தேனுக்குடி வேகம் ஆயிரம் மைல் துரத்திக்கொண்டு வராது என்று நினைத்தாள்.

வந்தது. கல்கத்தாத் தமிழர்களுக்கு ஊரிலிருந்து எது வந்தாலும் விசேஷம். தேனுக்குடிப் பெண்ணே வந்திருக்கிறாள் என்றால் விடுவார்களா? நவராத்திரிக்குப் போன வீட்டிலெல்லாம் பாயைப் போட்டு உட்கார வைத்தார்கள். அவளும் அண்ணாக்கள் மாதிரி ஓடப் பார்த்தாள். பாடி முடித்ததும், "நன்னாத்தான் இருந்தது. ஆனா உங்க அண்ணா அந்தச் சரணத்துல ஒரு பாய்ச்சல் பாய்வாரே..." என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அந்த 'ஆனா'வைக் கேட்டுக் கேட்டு நொந்துபோய், தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொல்லப் பழகினாள். பத்து வருஷத்தில் கல்கத்தாவில் வேறு யாருக்கும் அத்தனை தடவை தொண்டை கட்டியிருக்காது.

இந்த லட்சணத்தில் இருந்தவளுக்கு விமோசனம் கீழ்வீட்டிலிருந்து வந்தது. கீழ்வீட்டில் பிரதிமா என்று ஒரு வங்காளிப் பெண்மணி. நாகுவைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அந்த ஊர் வழக்கப்படி நாகு அவளை பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவாள். பௌதிக்கு இவள் லொக்கி. லக்ஷ்மி வங்காளி வாயில் அப்படித்தான் ஆகும். எழுபத்தாறில் பௌதி, நிற்காத டிராமிலிருந்து அவசரப்பட்டு இறங்கி முழங்காலை உடைத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்ததும் டாக்டர், தினமும் காலையில் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். துணைக்கு யார்? வீட்டுக்காரர் ஏழரை மணிக்குக் கிளம்பி ஹவுராவில் இருக்கிற தொழிற்சாலைக்குப் போகிறவர். நாகுதான் போனாள்.

இரண்டு பேரும் ரயில் பாதையைத் தாண்டி ஏரிக்குப் போவார்கள். நாகு நடையிலும் தேனுக்குடிதான். பத்தடி போவதற்குள் பௌதி பின்தங்கிவிடுவாள். "ஆஸ்தே லொக்கி, ஆஸ்தே!" என்று கத்துவாள். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். ஒரு வாரம் இப்படிக் கத்தல் வாங்கியபின், காலைக் கட்டுப்படுத்த நாகு ஒரு வழி கண்டுபிடித்தாள். பௌதியின் வலது கால் தரையில் ஊன்றும்போது ஒரு அட்சரம், இடது கால் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்து சேரும்போது அடுத்த அட்சரம் என்று வைத்துக்கொண்டு, வாய்க்குள் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். பாட்டு ஓடாவிட்டால் காலும் ஓடாது அல்லவா?

பௌதி காது கொடுத்துக் கேட்டாள். "முணுமுணுக்காதே, வாய்விட்டுப் பாடு. எனக்கு வலி தெரியாம இருக்கு" என்றாள்.

ஏரிக்கரையில் யார் கேட்கப் போகிறார்கள், குரங்குக் குல்லாய் போட்ட கிழவர்களும் படகுக்காரர்களுந்தானே என்று நாகுவும் வாய்விட்டுப் பாட ஆரம்பித்தாள். மூன்று மாதம் இருக்கும். ஒரு நாள் காலை, அப்பா சொல்லிக்கொடுத்த காம்போதிக் கீர்த்தனையைப் பாடிக்கொண்டு போனவள் நடுவழியில் நின்றுவிட்டாள். சின்ன வயதிலிருந்து அவள் விழுங்கிக்கொண்டே இருந்த அந்தச் சரணத்துச் சங்கதி, ஒரு ஸ்வரம் குறையாமல் முழுசாக வெளியே வந்திருந்தது. மூச்சும் மிச்சமிருந்தது. அவளுக்கு நம்பவே முடியவில்லை. மறுபடி பாடினாள். மறுபடியும் வந்தது.

"என்ன ஆச்சு? கால் சுளுக்கிண்டுதா?" என்று பௌதி கவலையோடு கேட்டாள்.

"இல்லை பௌதி. இத்தனை நாளா என் மூச்சுல தப்பே இல்லை போல இருக்கு" என்று வங்காளியில் சொல்லிவிட்டு நாகு அழுதாள். பௌதிக்கு ஒன்றும் புரியவில்லை. முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, வீடு திரும்பும் வழியில் ஜிலேபி வாங்கிக்கொடுத்தாள்.

இரண்டரை வருஷம் அந்த ஏரிதான் அவளுக்குக் கச்சேரி மேடை. அந்தப் பாட்டை வீட்டுக்கு வருகிற தமிழர்கள் முன்னால் மட்டும் பாட மாட்டாள். தேனுக்குடிப் பாட்டை மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டாள் என்று பேர் வந்தால் என்ன செய்வது? அப்பா இல்லாவிட்டாலும் அண்ணாக்கள் காதுக்குப் போகாதா?

எழுபத்தொன்பது ஜனவரியில் அது நேராகவே அண்ணா காதுக்குப் போகிற நாள் வந்தது. தமிழர் சபாவின் வருஷ விழாவுக்குத் தேனுக்குடி சகோதரர்கள் வருவதாக நோட்டீஸ் அடித்து ஒட்டிவிட்டார்கள். நாலு நாள் இருக்கும்போது தந்தி வந்தது. சுந்தரேசனுக்கு மஞ்சள் காமாலை. வைத்தியநாதன் மட்டும் வருகிறார். கூட நாகு பாட வேண்டும்.

நாகு தந்தியை மஹாதேவனிடம் நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வழக்கம்போலத் தொண்டை கட்டிடுத்துன்னு சொல்லிடேன்" என்றார்.

"அண்ணாகிட்ட சொல்ல முடியாதுன்னா. தொண்டையைத் திறந்து பாப்பார். எப்படியாவது இதைப் பாடிட்டு, இதோட நிறுத்திடறேன். இனிமே யார் முன்னாலயும் பாட மாட்டேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொன்னால் செய்கிறவள் என்று மஹாதேவனுக்குத் தெரியும். அவர் முகம் வாடிப்போயிற்று.

சனிக்கிழமை காலை வைத்தியநாதன் ஹவுராவில் வந்து இறங்கினார். சாயங்காலம் ஒத்திகைக்கு உட்கார்ந்தபோது, கல்கத்தா கரண்ட் தன் கடமையைச் செய்துவிட்டுப் போயிற்று. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பாடினார்கள். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த கோபு மிருதங்கம். அண்ணா ஓடினார், நாகுவும் ஓடினாள், காம்போதிச் சரணத்தில் மூச்சு முட்டி நின்றாள். இன்னொரு தடவை பாடச் சொன்னார். இன்னொரு தடவையும் நின்றாள்.

வைத்தியநாதன் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலையே! "போறது விடு நாகு. எல்லாப் பாட்டையும் நானே எடுத்துக்கறேன். நீ பின்னாடியே வா. அந்தச் சங்கதி வரச்சே வாயை மட்டும் அசை, போறும்" என்றார். கோபு மிருதங்கத்தைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டார். நாகுவுக்கு அவமானத்தில் காது சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கச்சேரி. ராஷ்பிஹாரி அவென்யூவுக்குப் பக்கத்தில் ஒரு ஹால். மப்ளரும் ஸ்வெட்டருமாக முந்நூறு பேர். மூன்றாவது வரிசையில் மஹாதேவனுக்குப் பக்கத்தில் பௌதி, வங்காளத்து டாங்காயில் கைத்தறிப் புடவை கட்டிக்கொண்டு, முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதல் ஒரு மணி நேரம் அண்ணா சொன்னபடியே நடந்தது. அவர் ஓடினார், இவள் பின்னாலேயே போனாள், இரண்டு மூன்று இடத்தில் வாயை மட்டும் அசைத்தாள். பிறகு வைத்தியநாதன் காம்போதியை ஆரம்பித்தார். என்ன இருந்தாலும் பெரிய வித்வான். இருபது நிமிஷம் ராகத்தை அள்ளிக் கொட்டினார். வயலின்காரர் தன் பங்குக்கு வாசித்து முடித்தார். கைதட்டல் ஓய்ந்தது.

வைத்தியநாதன் மோவாயைக் கொஞ்சம் தூக்கினார். பிளாஸ்கைத் திறந்தார். வெந்நீரை ஊற்றினார்.

இருபது வருஷப் பழக்கம். பக்கத்தில் சுந்தரேசன் இருக்கிறான், எடுத்துக்கொள்வான் என்று அவர் பாட்டுக்கு ஆற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தது தங்கை என்பது அடியோடு மறந்துபோயிற்று. கோபு கையை மிருதங்கத்துக்கு மேல் வைத்துக்கொண்டு நாகுவைப் பார்த்தார். வயலின்காரர் பார்த்தார். முந்நூறு பேரும் பார்த்தார்கள். அண்ணாவைத் தொட்டுக் கூப்பிடலாமா என்றால், சபை நடுவில் தேனுக்குடி வித்வானுக்கு ஞாபகம் தப்பிவிட்டது என்று காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். அதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

திறக்கிறதுக்கு முன்னாடி யோசி என்று அப்பா சொன்னார் அல்லவா? யோசித்தாள். எந்தக் காலத்தில் எடுப்பது என்று அண்ணாவின் ஓட்டத்தை மனசுக்குள் கூப்பிட்டுப் பார்த்தாள், அது வரவில்லை. ஏரிக்கரைதான் வந்தது. வலது கால் ஊன்றியது, இடது கால் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. நாகு தொடையில் கையைத் தட்டி, வாயைத் திறந்து, பல்லவியை எடுத்துவிட்டாள்.

வைத்தியநாதன் திடுக்கிட்டுத் திரும்பினார். வாய் நிறைய வெந்நீர். துப்பவும் முடியாது, பேசவும் முடியாது. அதை விழுங்கி முடிப்பதற்குள் நாகு இரண்டாவது ஆவர்த்தனத்துக்குப் போய்விட்டாள். இனி என்ன செய்ய முடியும்? எடுத்தாயிற்று. கூடப் பாடுகிறவனுக்கும் அதுதான். பஞ்சாபகேசய்யரின் மூத்த பிள்ளை தங்கையின் கையைப் பார்த்துத் தன் தாளத்தைச் சரிசெய்துகொண்டு, பின்னாலேயே சேர்ந்துகொண்டார்.

சேர்ந்துகொண்டாரே தவிர, சுலபமாக இல்லை. வேகத்தில் பாடுகிறவனுக்கு வேகமே ஊன்றுகோல். அனுபல்லவியில் ஓரிடத்தில் அவரை அறியாமல் ஓடினார். நாகுவின் கை நகரவில்லை. திரும்பி வந்து சேர்ந்தார். சரணத்தில் இன்னொரு தடவை ஓடினார். அப்போதும் அவள் கை நகரவில்லை. அந்தச் சங்கதி வந்தது. நாகு வாயை அசைக்கவில்லை, பாடினாள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் தரையில் ஊன்றி வைத்துப் பாடினாள். இரண்டாம் முறை பாடும்போது அண்ணா குரல் கூடவே இல்லை என்பதைக் கவனித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேனுக்குடியில் பத்து நிமிஷத்தில் முடிகிற கீர்த்தனை அன்றைக்குக் கால் மணிக்கு மேல் நடந்தது. யாரும் 'ஆனா' என்று சொல்லவில்லை.

பௌதிதான் முதலில் மேடைக்கு நொண்டிக்கொண்டு வந்தாள். "லொக்கி, இது படகுத்துறை தாண்டி எதிர்க்கரை பெஞ்சு வரைக்கும் வருமே, அந்தப் பாட்டுத்தானே?" என்று இரைந்து கேட்டாள். நாகு சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அண்ணா சிரிக்கவில்லை.

டாக்ஸியில் அண்ணா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். சாப்பிடும்போது, "ரசம் இன்னும் கொஞ்சம்" என்றதோடு சரி. சாயங்காலம் பார்க்க வந்தவர்கள் காம்போதியைப் பற்றிப் புகழ்ந்தபோது, "ம்" என்றார். நாகு சமையலறையிலேயே நின்றாள். தேனுக்குடி மானத்தைச் சபையில் வாங்கிவிட்டோம், அதுவும் அண்ணாவை வைத்துக்கொண்டே வாங்கிவிட்டோம் என்று அவளுக்குப் பயம். பாடும்போது இருந்த தைரியம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"நிறுத்தறதுன்னா நிறுத்திடறேன். தம்புராவை உறை போட்டு மேல வச்சுடுங்கோ" என்று மஹாதேவனிடம் சொன்னாள்.

"ஊருக்குப் போறதுக்குள்ள அவர் ஏதாவது சொல்வார். கேட்டுட்டு வைக்கறேன். அத்தனை உயரத்துல ஏற ஸ்டூலும் இல்லை" என்றார் அவர்.

திங்கட்கிழமை காலை, முதல் டிகாக்ஷனில் கலந்த காப்பியை டபராவோடு கொண்டுபோய் அண்ணா முன்னால் வைத்தாள். வைத்தியநாதன் ஒரு விரலால் அதை நகர்த்தினார்.

"வேண்டாம்."

நாகுவுக்குப் பகீரென்றது. காப்பி வேண்டாம் என்று அண்ணா சொல்லி அவள் கேட்டதே இல்லை. இவ்வளவு கோபமா என்று கண் கலங்கியது. "பால் வேற மாதிரி இருக்கும். பொடி நம்மூர்ப் பொடிதான் அண்ணா, லேக் மார்க்கெட்டுல..." என்று தடுமாறினாள்.

"காப்பியெல்லாம் நன்னாத்தான் இருக்கும். எனக்குத்தான் இன்னிக்குக் கிடையாது."

"ஏன்?"

அவர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். "அனுபல்லவியில ஒரு இடம். சரணத்துல ஒரு இடம். நீ எடுத்த காலம், நான் ஓடினேன். நீயும் பாத்தே. அப்பா இருந்தா எனக்குக் காப்பி உண்டா?"

 நாகுவின் நெஞ்சில் பதினெட்டு வருஷமாக அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. அது போனபிறகுதான் எவ்வளவு கனம் என்று தெரிந்தது. அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, எது முந்திக்கொண்டது என்று அவளுக்கே தெரியவில்லை.

வைத்தியநாதன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தச் சங்கதியில எனக்கு மூச்சு முட்டிடுத்துடி. நிறுத்திட்டேன். நீ ஒரு நாள் வந்து சொன்னியே, ஞாபகம் இருக்கு. அப்ப எனக்குத் தெரியலை."

மஹாதேவன் தினசரியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அந்தத் தம்புரா இன்றைக்கும் கூடத்து மூலையில் உறையில்லாமல்தான் நிற்கிறது.

நாகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நகர்த்தின டபராவை மறுபடி அண்ணா பக்கம் தள்ளினாள். "அது அப்பா ஆத்துச் சட்டம். இந்தாத்துல காப்பி என் கையில. குடி அண்ணா, ஆறிடும்."

 வைத்தியநாதன் டம்ளரைத் தூக்கி, தேனுக்குடி வழக்கப்படி ஒரே மூச்சில் கவிழ்க்கப் போனார். ஆவி பறக்கிற காப்பி.

"ஆஸ்தே அண்ணா, ஆஸ்தே!" என்று கத்தினாள் நாகு.

வைத்தியநாதனுக்கு வங்காளியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் டம்ளரைக் கீழே இறக்கி, டபராவில் ஊற்றி, நிதானமாக ஆற்ற ஆரம்பித்தார்.